நாச்சிமுத்துவின் அம்மாவுக்கு முட்டி வலி

நான் ஜன்னலோரம் உக்காந்துக்கறனுங்கண்ணா, ஸ்டாப்பு பாத்துட்டே வரணும். டிக்கெட் பழனிக்குத்தான் எடுத்திருக்கேன். ஆனா மடத்துக்குளம் தாண்டி கருப்பராயன் பிரிவுன்னு ஒரு ஸ்டாப்பு வரும், அங்க ஒரு ஊட்டுக்குப் போகணும். போகணும்னு இல்லை, போலாம். இறங்கறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. அதான் பழனிக்கே எடுத்துட்டேன். இறங்கலைன்னா சாமியைக் கும்பிட்டுட்டுத் திரும்பிடலாம் பாருங்க.

பையில வாழைக்காயுங்க. ஆறு வாழைக்காயும் ஒரு கிலோ பச்சரிசியும். ஆமாங்க, சரியாக் கண்டுபுடிச்சீங்க, திதி ஊடுதான். நமக்குச் சொந்தமில்லை. கூட வேலை பாத்தவனோட அம்மா, இன்னிக்கு முத வருசம். நாச்சிமுத்துன்னு பேரு. நான் அந்தம்மாளைப் பாத்ததே இல்லை. ஆனா அவங்க முட்டியைப் பத்தி என்னைய மாதிரித் தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுலயே இருக்க மாட்டான். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

நான் திருமூர்த்தி. உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லு, பேரு வேண்டாம், அதுல ஸ்டோர்ஸ்ல இருக்கேன். இருவத்தெட்டு வருசம். ஸ்டோர்ஸ்னா மிசினுக்கு வேண்டிய சாமானெல்லாம் வெச்சிருக்கற எடம். போல்ட்டு, பேரிங்கு, பெல்ட்டு, எல்லாத்துக்கும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒரு அட்டை தொங்கும், பின் கார்டும்பாங்க. பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லைங்க, உள்ள என்ன கெடக்கு, எத்தனை கெடக்குன்னு கார்டே சொல்லிடும். அது எனக்கு ரொம்பப் புடிக்கும். மனுசனுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு சுளுவா இருக்கும்னு நெனைப்பேன்.

இருந்துச்சுங்க. நானே பண்ணேன்.

பன்னண்டு வருசத்துக்கு முன்னால மில்லுல எங்களையெல்லாம் கோயமுத்தூருக்கு ஒரு கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பெரிய ஓட்டல், ஏசி ஹாலு. டை கட்டுன ஒருத்தர் வந்து நாள் பூரா பேசுனாரு. மத்தியானம் பிரியாணி போட்டாங்க, அதுக்கப்பறம் எங்காளுங்க பூரா தூங்கிட்டாங்க. நான் ஒருத்தன்தான் முழிச்சிருந்து எழுதுனேன். அவரு சொன்னாரு, "வேலை தெரிஞ்சவன் வேலையைப் பாத்துட்டே இருப்பான், ஆளைத் தெரிஞ்சவன்தான் மேல வருவான்." கூட வேலை பாக்கற ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒரு சொந்த விசயம் தெரிஞ்சு வெச்சுக்கோணும், வாரத்துக்கு ஒருக்காவாவது மறக்காம அதை விசாரிக்கோணும், அம்புட்டுத்தான். பத்து வருசம் இதைப் பண்ணுங்க, அப்பறம் உங்களை யாராலயும் நிறுத்த முடியாதுன்னாரு.

நான் மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். தேவையில்லாத பழைய பின் கார்டு கட்டுக் கட்டாக் கெடந்துச்சு, பின்னாடி வெத்தா இருக்கும். ஆளுக்கு ஒண்ணு. மேல பேரு, டிபார்ட்மென்ட்டு. கீழ விசயம். "மகன் நீச்சல் பழகுகிறான்." "மாமனாருக்கு ஆஸ்துமா." "பசு மாடு சினை." நூத்திப் பதினாலு கார்டுங்கண்ணா! எங்க முதலாளிக்குக் கூட அத்தனை பேரோட ஊட்டு சமாச்சாரம் தெரியாது. வாட்ச்மேன்ல இருந்து ஸ்பின்னிங் மாஸ்டர் வரைக்கும் எவன் எதுக்க வந்தாலும் எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணு இருக்கும். மாடு கண்ணு போட்டுச்சா? மாமனாருக்கு இழுப்பு எப்படி? டக்குனு கேட்டுடுவேன். அவங்க முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அது போதும். பதில் ரொம்ப நீளமாப் போனாத்தான் தொந்தரவு. கார்டுல எடம் பத்தாது. சரி சரின்னு நகந்துக்குவேன்.

மத்தியானத்துல எல்லாரும் கேன்டீன்ல பெரிய மேசையைச் சுத்தி உக்காந்து, ஒருத்தர் டப்பாவுல ஒருத்தர் கைய உட்டுச் சாப்புடுவாங்க. ஒரே கூச்சலா இருக்கும். நான் போறதில்லை. ஸ்டோர்ஸ்லயே சாப்டுக்குவேன். எனக்கு அந்த அரை மணி நேரந்தான் கார்டெல்லாம் திருப்பிப் பாக்கக் கெடைக்கும். இல்லைன்னா ஞாபகம் இருக்குமுங்களா? உறவுன்னா சும்மாவா, அதுக்கும் உழைக்கோணுமுங்க.

இன்னொண்ணும் சொன்னாரு அந்த டை கட்டுனவரு. அடுத்தவங்க கஷ்டத்தைக் கேளுங்க, உங்க கஷ்டத்தை ஆபீசுக்குத் தூக்கிட்டு வராதீங்கன்னாரு. அதையும் நான் மீறுனதில்லை. என்ற அம்மா போயி பதினோரு வருசமாச்சு. அன்னிக்குன்னு பாத்து எங்க ஸ்டோர்ஸ் ஆபீசர் கனகசபாபதி சார் மகளுக்குக் கல்யாணம். மில்லே அங்க இருக்குது. நல்ல காரியம் நடக்கற எடத்துல சாவுச் சேதி சொல்லலாமுங்களா? காய்ச்சல்னு சொல்லச் சொல்லிட்டேன். அண்ணன் கொள்ளி வெச்சாரு, அவரு முடியெடுத்தாரு. நான் எடுக்கலை. திங்கக்கிழமை ஆபீஸ் போகணுமே, மொட்டையோட போனா நாலு பேரு கேப்பாங்க. சாரு சந்தோசமா இருக்கற நேரத்துல எதுக்குங்க? அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். சொல்ற மாதிரி ஒரு நேரம் வரவே இல்லை. இன்னி வரைக்கும் ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அவ்வளவு கட்டுப்பாடா இருந்தவனுங்க நான்.

அம்மாவுக்குக் கண்ணு மங்கல். தையல் மிசின் வெச்சிருந்தாங்க, பாவாடை நாடா கோக்கறதுக்கும் ஊசியில நூல் கோக்கறதுக்கும் என்னையத்தான் கூப்புடுவாங்க. அதை உடுங்க. எதுக்கு இப்ப அது.

நாச்சிமுத்துகிட்ட வர்றேன். மெயின்டனன்ஸ்ல கிளார்க்கு. நாப்பது வயசு இருக்கும். கல்யாணம் ஆகலை, அம்மாவும் அவனும் மட்டுந்தான். ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலையில பத்து மணிக்கு இண்டென்ட்டு சீட்டைத் தூக்கிட்டு ஸ்டோர்ஸுக்கு வருவான். அந்த வாரத்துக்கு வேண்டிய சாமான் லிஸ்ட்டு. அவன் கார்டுல நான் எழுதி வெச்சது, "அம்மா. முட்டி வலி. இடது கால்." ஆறு வருசம், திங்கக்கிழமை பத்து மணிக்கு, "நாச்சிமுத்து, அம்மா முட்டி வலி எப்படி இருக்குது?" இப்படி ஆறு வருசம் ஒரே ஆளு வந்து கேட்டா எந்த மகனுக்குத்தான் மனசு குளிராது? "அப்படியேதான் சார் இருக்குது"ம்பான். சீட்டைக் குடுப்பான், சாமானை வாங்கிட்டுப் போயிடுவான்.

போன வருசம் ஆவணியில என்னைய ராஜபாளையம் பக்கத்துல இருக்கற எங்க இன்னொரு மில்லுக்கு அனுப்பிட்டாங்க, ஸ்டாக் எடுக்கறதுக்கு. பதினெட்டு நாளு. வந்து பாத்தா திங்கக்கிழமை நாச்சிமுத்து மொட்டைத் தலையோட நிக்கறான். மீசையும் இல்லை. நீங்களே சொல்லுங்கண்ணா, நம்ம பக்கத்துல மொட்டையப் பாத்தா என்ன தோணும்? பழனிதானுங்களே தோணும்? பழனியிலயும் மீசை எடுக்கறவங்க எடுக்கறாங்கதானே? "என்னப்பா, பழனியா?"ன்னு கேட்டேன். அவன் கையை மொட்டைத் தலைக்குக் கொண்டு போனான். அப்பறம் "ஆமாங்க சார்"னான். நான் சும்மா இருந்திருக்கலாம். "பஞ்சாமிர்தம் எங்கப்பா? தனியாவே தின்னுட்டியா?"ன்னேன். பக்கத்துல டிஸ்பாட்ச்சு சுகந்தி நின்னுட்டிருந்தா. அவ என்னமோ சொல்ல வாயெடுத்தா. நாச்சிமுத்து அவளைப் பாத்து தலைய ஆட்டுனான், வேண்டாங்கற மாதிரி. எனக்கென்ன தெரியும்? டப்பா வாங்கிட்டு வர மறந்துட்டான், அதான் வெக்கப்படறான்னு நெனச்சுட்டேன்.

மறுநாள் காலையில என் மேசை மேல ஒரு பஞ்சாமிர்த டப்பா வெச்சிருந்துச்சுங்க. புதுசு, சீல் பிரிக்காதது. நான் பிரிச்சு ஆளுக்கு ஒரு ஸ்பூனு எல்லாருக்கும் குடுத்தேன். எல்லாரும் வாங்கித் தின்னாங்கண்ணா. ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்கு என்னடா எல்லாரும் இவ்வளவு பக்தியாத் திங்கறாங்கன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. கார்டுல எழுதிக்கிட்டேன்: "பழனி மொட்டை. அம்மா முட்டி வலி குணமாக வேண்டுதல்."

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைம்பாங்க. இவங்க என்ற தட்டுலயே மறைச்சுட்டாங்க. நூத்திப் பதினாலு பேரும் சேந்து.

அப்பறந்தான் கூத்து. அடுத்த திங்கக்கிழமை வழக்கம் போலக் கேட்டேன். அம்மா முட்டி வலி எப்படின்னு. நாச்சிமுத்து சீட்டை மேசை மேல வெச்சு நீவி உட்டான். "கொஞ்சம் தேவலை சார்"னான். ஆறு வருசத்துல மொத தடவையா தேவலைங்கறான்! எனக்கு ஒரே குஷியாயிடுச்சு. தாராபுரத்துல ஒரு வைத்தியர் இருக்காரு, ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போயி ஒரு பாட்டில் தைலம் வாங்கிட்டு வந்து குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். கண்ணுல தண்ணி நின்னுச்சு. பாருங்க, இதான் உறவுன்னு நெனச்சேன்.

அதுக்கப்பறம் ஒவ்வொரு வாரமும் அந்தம்மா தேறிக்கிட்டே வந்தாங்க. "நேத்து மாடிப்படி ஏறிட்டாங்க சார்." "வாசல் கூட்டிக் கோலம் போட்டாங்க சார், குனிஞ்சு." "ரேசன் கடைக்கு நடந்தே போயிட்டு வந்தாங்க, நான் வேண்டாம்னு சொல்லியும் கேக்கலை." முந்தியெல்லாம் ஒரு வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போறவன், இப்ப என் மேசை முன்னால ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டுச் சொல்றான். பொரி உருண்டை புடிச்சாங்களாம், பக்கத்து ஊட்டுக்காரியோட சண்டை போட்டாங்களாம், இவன் சட்டைக் காலரைப் புடிச்சு இழுத்து எண்ணெய் வெச்சு உட்டாங்களாம். நானும் கேட்டேன். கார்டுல எடம் தீந்து போச்சு. ரெண்டாவது கார்டு போட்டேன். எந்த ஆளுக்கும் ரெண்டாவது கார்டு போட்டதில்லைங்க. நெசத்தைச் சொன்னா, ஞாயித்துக்கிழமை பொழுதுக்கும் ஊட்டுல சும்மா கெடப்பேன், ஊட்டுக்காரி பேரனைப் பாத்துக்கறதுக்குத் திருப்பூர்ல மககூட இருக்கறா, திங்கக்கிழமை எப்படா வரும்னு இருக்கும். நாச்சிமுத்து வருவான், அந்தம்மா இந்த வாரம் என்ன பண்ணாங்கன்னு சொல்லுவான்.

அஞ்சு மாசம் போச்சு. மாசியில கனகசபாபதி சார் ரிட்டயர்டு. ஸ்டோர்ஸ் ஆபீசர் எடம் காலி. நானும் இருக்கேன், சுகந்தியும் இருக்கா. சுகந்திக்கு என்னைய விட சர்வீஸ் பதினாலு வருசம் கம்மி. அவளுக்கு ஒரு கார்டும் கெடையாது, ஒரு லிஸ்ட்டும் கெடையாது. கேன்டீன்ல உக்காந்துட்டு ஊர்க்கதை பேசுவா, அம்புட்டுத்தான். எனக்குத்தான் கெடைக்கும்னு ராத்திரி படுத்தாத் தூக்கம் வராது. பன்னண்டு வருச உழைப்பு இல்லீங்களா?

இன்டர்வியூ எடுத்தது சின்ன முதலாளி, பெரியவரோட மகன். நல்ல புள்ள. ஸ்டாக்கு, கணக்கு எல்லாம் கேட்டாரு, சொன்னேன். கடைசியில, "மத்த டிபார்ட்மென்ட்டுக் காரங்களோட உங்களுக்கு எப்படிங்க ஒத்துப்போகுது?"ன்னாரு. பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு. கார்டுக் கட்டையே எடுத்து மேசை மேல வெச்சேன். "உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றனுங்க. மெயின்டனன்ஸ் நாச்சிமுத்து. அவங்க அம்மாவுக்கு ஆறு வருசமா முட்டி வலி. நான் குடுத்த தைலத்துலதான் இன்னிக்கு அவங்க மாடிப்படி ஏறுறாங்க"ன்னேன்.

சின்ன முதலாளி பேனாவைக் கீழ வெச்சாரு. "எந்த நாச்சிமுத்து?"ன்னாரு. நம்ம நாச்சிமுத்துதானுங்கன்னேன். "அவங்கம்மா ஆவணியிலயே தவறிட்டாங்களேங்க. மில்லு வேன்லதான எல்லாரும் போனோம், நானே மாலை போட்டனே"ங்கறாரு.

நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? அவருகிட்டச் சண்டைக்குப் போனேன். "இல்லீங்க, உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. போன வாரங்கூட ரேசன் கடைக்கு நடந்து போனாங்க"ன்னேன். ரெண்டாவது கார்டை எடுத்து வாசிச்சுக் காட்டுனேன். தேதி போட்டு வெச்சிருந்தேனுங்க. தேதி தேதியா வாசிச்சேன். அவரு பாவம், என்னைய நிறுத்தவும் முடியாம, எந்திரிச்சுப் போகவும் முடியாம, ஒரு டம்ளர் தண்ணிய என் பக்கம் நகத்தி வெச்சாரு. அந்தத் தண்ணியப் பாத்தப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. மொட்டை. மீசை. பஞ்சாமிர்தம்.

எடம் சுகந்திக்குப் போச்சு. போகட்டும். எனக்கு அதுகூடப் பெருசா இல்லை இப்ப. அவமானந்தானுங்க. ஒருத்தனாவது காதுல சொல்லியிருக்கலாமில்லீங்களா? ஒருத்தனாவது! நூத்திப் பதினாலு பேரோட ஊட்டுச் சேதியும் நான் வெச்சிருக்கேன், எனக்கு ஒரு சேதி சொல்ல ஒரு நாதி இல்லை. சுகந்தியக் கேட்டேன், ஏம்மா நீ சொல்லலைன்னு. "யாராவது கேன்டீன்ல உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் சார், அப்பறந்தான் நீங்க கேன்டீனுக்கே வர மாட்டீங்கன்னு ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள நாச்சிமுத்து அண்ணனே சொல்ல வேண்டாம்னுட்டாரு"ன்னா. அதோட உட்டாளா? "ஏன் சார், வருசத்துக்கு ஒருக்கா பெட்டியத் திறந்து, கார்டுல இருக்கறதும் உள்ள இருக்கறதும் ஒண்ணான்னு எண்ணிப் பாப்பீங்களே, அந்த மாதிரி ஒருக்காவாவது அவரு ஊட்டுக்குப் போயிருக்கலாமே"ங்கறா. ஸ்டாக் எடுக்கறதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? ஆபீசர் ஆயிட்டா என்ன வேணா பேசலாமா?

அடுத்த திங்கக்கிழமை நாச்சிமுத்து வந்தான். நான் தலை நிமிரலை. சீட்டை வாங்குனேன், சாமானை எடுத்து வெச்சேன், கையெழுத்துன்னேன். போட்டான். போகலை, நின்னுட்டே இருக்கான். "சார், இன்னிக்கு நீங்க கேக்கலையே?"ங்கறான்.

வந்துச்சு பாருங்க எனக்கு! "ஏன்டா, இன்னுமாடா? என்னைய வெச்சு அஞ்சு மாசம் நாடகம் போட்டது பத்தாதா? செத்த பொம்பளைய ரேசன் கடைக்கு நடக்க உட்டவன்தானடா நீ?"ன்னு கத்திட்டேன். ஸ்டோர்ஸே திரும்பிப் பாத்துச்சு. அவன் மேசைப் பக்கம் குனிஞ்சான். "நாடகம் இல்லைங்க சார். மொத நாளு உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு சொல்லலை. அப்பறம்... எல்லாரும் ஒரு வாரம் துக்கம் விசாரிச்சாங்க, அதோட உட்டுட்டாங்க. நீங்க ஒருத்தருதான் அம்மா இருக்கற மாதிரியே கேட்டீங்க. திங்கக்கிழமை வந்து உங்ககிட்டச் சொல்றதுக்காக வாரம் பூரா யோசிச்சு வெச்சுக்குவேன் சார். நீங்க குடுத்த தைலம்கூட அம்மா படத்துக்குப் பக்கத்துலதான் வெச்சிருக்கேன்"னான்.

படத்துக்கு எதுக்குங்க முட்டி வலித் தைலம்? கிண்டல்தானே அது? அப்படித்தான் நெனச்சேன். அவன் கண்ணு முன்னாலயே ரெண்டு கார்டையும் கிழிச்சுக் குப்பையில போட்டேன். போடான்னுட்டேன்.

அடுத்த மாசம் அவன் வேலைய உட்டுட்டான். காத்தாலைக் கம்பெனியில சேந்துட்டான்னாங்க. இப்பத் திங்கக்கிழமை வேற ஒருத்தன் சீட்டு கொண்டாரான். அவனுக்குக் கார்டு எழுத உக்காந்தேன், பேரு எழுதுனேன், அதுக்கு மேல கை ஓடலை. மத்தவங்களையும் இப்பக் கேக்கறதில்லை. எவன்கிட்டக் கேட்டாலும், இவன் ஊட்டு மாடு உசுரோட இருக்குதா இல்லையான்னு பயமா இருக்குதுங்க. கேக்கறதை நிறுத்தி ஆறு மாசமாச்சு. ஏன் கேக்கலைன்னு ஒருத்தரும் கேக்கலை. ஒருத்தன் மட்டுந்தான் கேட்டான். அவனைத்தான் போடான்னுட்டேன்.

முந்தாநேத்து சுகந்தி என் மேசைக்கு வந்து சொன்னா. "சார், திங்கக்கிழமை நாச்சிமுத்து அண்ணன் அம்மாவுக்கு வருசத் திதி. சாயங்காலம் மில்லு உட்டதும் வேன்ல எல்லாரும் போறோம். நீங்களும் வாங்க, அவரு உங்களை விசாரிச்சாரு." இந்தத் தடவை நேராவே வந்து சொல்லிட்டா, அது வரைக்கும் பாராட்டணும். வேலை இருக்குதும்மான்னுட்டேன். வேன்ல அத்தனை பேருகூட எந்த மூஞ்சிய வெச்சுட்டு உக்காருவேன்? அதான் லீவு போட்டுட்டுத் தனியா காலையிலயே...

எந்த எடமுங்க இது? மடத்துக்குளம் எப்பத் தாண்டுச்சு? கருப்பராயன் பிரிவு... அந்த வெள்ளைச் சுவரு கோயிலுங்களா? அதா பின்னால போகுது? அட, போச்சுங்களா. பேசிட்டே உட்டுட்டேனே.

வேண்டாங்கண்ணா, விசிலடிக்கச் சொல்லாதீங்க. உடுங்க. நல்லதாப் போச்சு. நெசமா எனக்கு இறங்கறதுக்குப் பயந்தானுங்க. போயி என்ன பேசறது? அவனுக்கு என்ன புடிக்கும், என்ன சாப்புடுவான், ராத்திரி தனியா என்ன பண்ணுவான், ஒண்ணும் தெரியாது எனக்கு. ஏழு வருசத்துல அவன்கிட்ட நான் பேசுனது ஒரே ஒரு கேள்வி. அந்த ஒண்ணைத்தான் அந்த ஊட்டுல இன்னிக்குக் கேக்க முடியாது. திதி அடுத்த வருசமும் வருமுல்லீங்க. அப்பப் பாத்துக்கலாம். வாழைக்காயை நீங்க எடுத்துக்குங்க.

என்னங்க கேட்டீங்க? என்ற அம்மாவா?

எப்படி இருக்காங்களாவா?

நான்தான் சொன்னேனேங்கண்ணா, அவங்க...

...

நல்லா இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்கண்ணா. கண்ணுதான் கொஞ்சம் மங்கலு. அதுவும் இப்பத் தேவலை. நேத்துப் பாருங்க, நான் ஆபீஸ் உட்டு வர்றேன், மிசின் முன்னால உக்காந்துட்டு அவங்களே நூலைக் கோத்துட்டாங்க. ஒரே தடவையில. என்னையக் கூப்புடவே இல்லை. "நீ வர்ற வரைக்கும் எவன்டா காத்துட்டு இருப்பான்"னு ஒரு சிரிப்பு வேற. என்ற சட்டையில பொத்தான் ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு, அதையும் புடிச்சு இழுத்து...

பதினோரு வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்லைங்கண்ணா.

இருங்க, கண்ணைத் தொடச்சுக்கறேன். ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லீங்க. அவனும் இப்படித்தானுங்களா, அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டு...

கண்டக்டர்! கண்டக்டரண்ணா, இங்கயே நிறுத்துங்க, இறங்கணும். தெரியுமுங்க, ஸ்டாப்பு இல்லைன்னு. நிறுத்துங்க. ஒரு மைலுதானே, நடந்து திரும்பிக்கறேன். அந்தப் பையை எடுங்கண்ணா, வாழைக்காயைத் தர முடியாது, திதி ஊட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாது. மணி என்ன ஆச்சு? ஒம்போதே முக்காலா? சித்தே வழி உடுங்க. இன்னிக்குத் திங்கக்கிழமை.